சொந்தப் பாவனை

பழைய கார் கோபேர்க் தாண்டிப் புகைவிட்டு
நெடுஞ்சாலை ஓரத்தில் செத்து மூன்று கிழமை.
குகதாசன் கல்குலேற்றரைத் திருப்பிக் காட்டினான்:
லீஸ், மாதம் நானூற்றுப் பன்னிரண்டு, வரி தனி.
நாலு வருசம். வருசத்துக்கு இருபதாயிரம் கிலோமீற்றர்.
"தனி ஆள்தானே அண்ணை,
இதுக்கு மேல எங்க ஓடப்போறியள்?"

எங்கே ஓடுகிறேன் என்று
அவனுக்கு ஏன் சொல்லவேண்டும்.
ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி
ஸ்காபரோவிலிருந்து கிங்ஸ்ரன்.
போக இருநூற்றைம்பது, வர இருநூற்றைம்பது.
ஞாயிறு பின்னேரம் திரும்பவும் அதே ஐந்நூறு,
வரும்போது பக்கத்து இருக்கையில் குளிர்கோட்டு மட்டும்.
பெருக்கிப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு
வருசம் இருபத்தாறாயிரம்.
லிஃப்ற் திருத்தப் போவதும் பால் வாங்கப் போவதும் வேறு.

தையில் கையெழுத்து வைத்தால்
ஆடி முடிய இருபதாயிரம் தீர்ந்துவிடும்.
அதன்பின் கிலோமீற்றருக்குப் பதினைந்து சதம்.
ஆரபி வாய் திறந்து நித்திரைகொள்ளும் தூரத்துக்கும்
கோபித்து யன்னலையே பார்த்திருக்கும் தூரத்துக்கும்
அதே பதினைந்து சதம்.
திருப்பிக் கொடுக்கும் நாளில்
வங்கி அட்டையைவிட நீளமான கீறலுக்குத் தண்டம்,
மாம்பழச்சாறு ஊறிய இருக்கைக்குத் தண்டம்.
அவளுக்கு இப்போது ஒன்பது.
லீஸ் முடியும்போது பதின்மூன்று.
அந்த வயதிலும் வெள்ளிக்கிழமை வருவாளா என்று
ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கம்பனி கார் தருகிறோம் என்றார்கள்.
பெற்றோல் அவர்களுடையது, பனிச்சில்லும் அவர்களுடையது.
தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
பார்த்தேன்.
வாய்க்குள் ஒரு கொப்பி இருந்தது.
திகதி. எங்கிருந்து. எங்கே. நோக்கம். எத்தனை கிலோமீற்றர்.
கடைசியில் இரண்டு பெட்டி:
வேலை. சொந்தப் பாவனை.
சொந்தப் பாவனைக்கு வரி உண்டு.
உள்ளே ஒரு கருவியும் உண்டாம்,
எங்கே நின்றேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்று
மிசிசாகாவில் யாரோ ஒருவரின் திரையில் தெரியும்.
கிங்ஸ்ரனில் அந்த வீட்டு வாசலில்
இஞ்சினை நிறுத்தாமல் பதினொரு நிமிடம்
நான் ஒரு நீலப் புள்ளியாய்க் காத்திருப்பேன்.
சொந்தமா இல்லையா என்று
வரிக்காரனைப் போல நேராய்
ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை, நீதிமன்றத்திலும்கூட.
பாவனை என்ற சொல்லுக்கு அகராதியில்
இன்னொரு பொருளும் இருக்கிறது.
அதை விடுவோம்.

ஒஷாவாவில் மாரிவிக் என்றொரு தாதி
கல்கரிக்கு மாறுகிறாள், காரை விற்கிறாள்.
கொரோலா. பதினொரு வயது. ஒன்றேமுக்கால் லட்சம் ஓடியது.
பனியில் மட்டையைப் போட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன்.
உப்பு, கதவடியைத் தின்னத் தொடங்கியிருக்கிறது.
ஹீற்றர் ஒன்றிலும் இரண்டிலும் ஊதாது,
நாலில் போட்டால் புயல்.
நான் கேட்க முன்னமே அவளே சொன்னாள்.
எண்ணாயிரத்து நானூறு.

அண்ணன் போனில் கத்தினான்,
"மற்றவன்ர வருத்தத்தைக் காசு குடுத்து வாங்கிறாய்."
உண்மைதான்.
ஆனால் இந்த வருத்தத்துக்குக் கிலோமீற்றர் எல்லை இல்லை.
கீறினால் என் கீறல்.

பின்யன்னலில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய டைனோசர்.
சுடுதண்ணி ஊற்றிச் சுரண்டினேன்,
வால் மட்டும் போகமாட்டேன் என்றது.

கம்பனிக் கொப்பி எப்படியோ என்னோடு வந்துவிட்டது.
போன வெள்ளி ட்ரென்ரன் தாண்டுகையில்
ஆரபி அதை எடுத்து நிரப்பினாள்.
எங்கிருந்து: அம்மா.
எங்கே: அப்பா.
நோக்கம் என்ற இடத்தில்
பேனையைக் கடித்துக் கொஞ்சம் யோசித்து
டோனற் என்று எழுதினாள்.
எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டாள்.

பின்னுக்கு, இடது சில்லில், ஒரு கிரீச்.
றேடியோவைக் கூட்டினேன்.
அடுத்த சம்பளத்தில்தான் பார்க்கவேண்டும்.